ஊசியை எடுத்தால் புத்தகம் மூடிக்கொள்கிறது: நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

குன்னூர்_கம்பளி
ஞாயிறு, இரவு 10:20

போன ஆடியில் ஆரம்பித்த ஸ்வெட்டர் இது. வீட்டுக்காரருக்கு. அடர்பச்சை உல்லன், 4 மி.மீ. வட்ட ஊசி, மார்புச் சுற்று 100 செ.மீ. பத்து செ.மீ.க்கு 22 கண்ணி வருகிறது, ஆக ஒரு சுற்றுக்கு 220 கண்ணி. என் வேகம் நிமிடத்துக்கு முப்பது கண்ணிதான். ஒரு சுற்று முடிய ஏழு நிமிடத்துக்கு மேல். அடியிலிருந்து அக்குள் வரை 40 செ.மீ. ஏற வேண்டும், அது 112 சுற்று. பென்சிலை எடுத்துக் கணக்குப் போட்டேன்: 13 மணி நேரத்துக்கும் மேல். அந்த நேரத்தில் நானூறு பக்க நாவல் ஒன்றை முடித்துவிடலாம். இந்தக் கணக்கை நான் போட்டிருக்கவே கூடாது.

வேலை, சமையல், பையனின் வீட்டுப்பாடம் எல்லாம் முடிந்து எனக்கென்று மிஞ்சுவது ஒன்பதே காலிலிருந்து பத்தே கால் வரை. நாற்காலியின் இடப்பக்கம் பின்னல் பை, வலப்பக்கம் புத்தகம். எதை எடுத்தாலும் மற்றது முறைக்கிறது. கிளை நூலகத்திலிருந்து எடுத்து வந்த நாவலை மூன்று முறை புதுப்பித்தாகிவிட்டது. நூலகர் இப்போது தேதி முத்திரை குத்தும்போது என் முகத்தைப் பார்ப்பதில்லை.

மாமியார் கேட்கிறார்: "ஊட்டி திபெத்தியன் மார்க்கெட்டில் ரெடிமேடா கிடைக்குதே, எதுக்கு இந்தப் பாடு?" அதற்கு என்னிடம் பதில் இல்லை. உங்களிடமும் அந்தப் பதிலைக் கேட்கவில்லை. இரண்டையும் ஒன்றாக ஓட்டுகிறவர்கள் யாராவது இருந்தால், எப்படி என்று மட்டும் சொல்லுங்கள்.

ரயில்_வாசகி
ஞாயிறு, இரவு 10:51

அக்கா, நான் தாம்பரம், கடற்கரை மின்சார ரயில்காரி. போக ஒரு மணி, வர ஒரு மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் உட்கார இடம் கிடைக்கும், அப்போது படிப்பு. மாலையில் பெரும்பாலும் நின்றுகொண்டுதான், அப்போது காதில் கதை. இடம் கிடைத்த நாளில் கையில் குரோஷா.

நிட்டிங்கை ரயிலுக்கு எடுத்துப் போவதை விட்டுவிட்டேன். ஊசியில் 200 கண்ணியும் உயிரோடு நிற்கும். யாராவது இடித்து ஊசி உருவிக்கொண்டால் அன்றைய வேலை போச்சு. குரோஷாவில் கொக்கியில் இருப்பது பெரும்பாலும் ஒரே ஒரு கண்ணி. கொக்கி கீழே விழுந்தாலும் அந்த ஒன்றைத் தேடிப் பிடித்தால் போதும். மாம்பலத்தில் கூட்டம் ஏறும்போது பையில் போட்டு ஜிப்பை இழுத்துவிடலாம்.

உங்கள் ஊர் மலை ரயிலில் ஒருமுறை பின்னிக்கொண்டே வந்தேன். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை 46 கிலோமீட்டர், ஏறவே ஐந்து மணி நேரம் பிடிக்கிறது. வழியில் 16 சுரங்கம். ஒவ்வொரு சுரங்கத்திலும் எதிர் சீட்டுப் பெரியவர் புத்தகத்தை மடியில் கவிழ்த்துவிட்டுக் காத்திருந்தார். என் கை மட்டும் நிற்கவில்லை. அன்றைக்குக் கொஞ்சம் கர்வமாகத்தான் இருந்தது.

எண்ணிக்கை_தப்பியவள்
திங்கள், காலை 7:15

நான் இரண்டையும் ஒன்றாகச் செய்கிறவள்தான். அதனால்தான் இந்தப் பெயர்.

பட்டுப்பட்டு நான் கண்டுபிடித்தது இது. காதில் கதை கேட்டால் கண்ணும் கையும் சும்மா இருக்கின்றன, பின்னலாம் என்று நினைப்போம். ஆனால் எண்ண வேண்டிய பின்னலில் அது நடக்காது. ஏனென்றால் எண்ணுவதும் மனசுக்குள் பேசுவதுதான். குரோஷாவில் பொம்மை பின்னுவேன். முதல் சுற்று 6, அடுத்தது 12, அப்புறம் 18, 24 என்று கூடிக்கொண்டே போகும். "பதினேழு, பதினெட்டு" என்று நான் முணுமுணுக்கும்போது கதையில் ஒருவர் "இருபது வருஷத்துக்கு முன்னால்" என்கிறார். அவ்வளவுதான். யானைக்கு ஒரு காது பெரிது.

அதனால் எண்ண வேண்டியதற்குப் பாட்டு மட்டும், அதுவும் வார்த்தை இல்லாத வாத்திய இசை. கட்டம் போட்ட வரைபடத்தைப் பார்த்து நிறம் மாற்றிப் பின்னுவதென்றால் கண்தான் மாட்டிக்கொள்கிறது, காது சும்மா இருக்கிறது, கதை கேட்கலாம். ஒன்றுமே இல்லாமல் சுற்றிச் சுற்றி வரும் வெறும் நிட், எல்லாம் ஒரே மாதிரிக் கண்ணி, என்றால் கண்ணால் புத்தகமே படிக்கலாம். அக்கா, உங்கள் பச்சை ஸ்வெட்டர் உடம்புப் பகுதி மூன்றாவது ஜாதி. தைரியமாகப் புத்தகத்தைத் திறங்கள்.

கொலைக் கதை மட்டும் வேண்டாம். கொலைகாரன் யாரென்று தெரிகிற இடத்தில் என் கை இறுகிவிடும். எந்தக் காலுறையை எடுத்துக் காட்டினாலும், எந்த வரிசையில் குட்டு உடைந்தது என்று சொல்லிவிடுவேன்.

ஒருவேளை_ஒருவேலை
திங்கள், முற்பகல் 11:02

மாற்றுக் கருத்து சொல்ல அனுமதியுங்கள். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்கிற கதையாகத்தான் எனக்கு இது படுகிறது. ஒரு நல்ல சிறுகதையில் ஒரு வரியில் நின்று, திரும்பிப் போய், மறுபடி படிக்க வேண்டியிருக்கும். கையில் ஊசி இருந்தால் நிற்க மனம் வராது, சுற்றை முடித்துவிடலாம் என்றே கை ஓடும். கதை காதில் ஓடினால் இன்னும் மோசம், அது நமக்காக நிற்பதே இல்லை.

நான் பிரித்துவிட்டேன். ஐப்பசி முதல் மாசி வரை பின்னல். பங்குனி வெயில் வந்தால் உல்லனைத் தொடவே கை கூசும், அதிலிருந்து புத்தகம். கோயம்புத்தூரில் இது சரிப்படுகிறது. குன்னூரில் வருஷம் முழுக்கக் குளிர் என்பதால் உங்கள் பிரச்சினை புரிகிறது. ஆனாலும் ஒரு நேரத்தில் ஒன்று என்பதே என் கட்சி.

எண்ணிக்கை_தப்பியவள்
திங்கள், முற்பகல் 11:20

ஐந்து மாதம் படிக்காமல் இருப்பீர்களா?! எனக்குக் கை நடுங்கும்.

ஒருவேளை_ஒருவேலை
திங்கள், முற்பகல் 11:31

பேப்பர் படிப்பேன்.

ஒஸ்லோவில்_ஒருத்தி
திங்கள், மாலை 6:40

நான் யாழ்ப்பாணம், இங்கே வந்து 24 வருடமாகிறது. நோர்வேயில் ட்ராமில், கூட்டத்தில், பல்கலைக்கழக விரிவுரையில் என்று எல்லா இடத்திலும் பின்னுவார்கள். முதன்முதல் வேலையிடத்துக் கூட்டம் ஒன்றில் எனக்கு எதிரே இருந்த பெண் பின்னிக்கொண்டே கதைத்ததைப் பார்த்து, இது என்ன மரியாதையில்லாத வேலை என்றுதான் நினைத்தேன். அந்தக் கூட்டத்தில் சொன்னதெல்லாம் கடைசியில் அவவுக்குத்தான் நினைவிருந்தது.

தங்கச்சி, நூலை எந்தக் கையில் பிடிக்கிறீர்கள்? அம்மம்மா எனக்குப் பழக்கியது வலது கையால் நூலைச் சுற்றிப் போடுகிற முறை. ஒவ்வொரு கண்ணிக்கும் கை ஊசியை விட்டு எழும்பி, சுற்றி, திரும்பி வர வேண்டும். இங்கே நூலை இடது சுட்டுவிரலில் இழுத்துப் பிடித்துக்கொண்டு வலது ஊசியின் நுனியால் கொத்தி எடுக்கிறார்கள். கை எழும்பாது. மாற்றப் பழகுவதற்கு எனக்கு மூன்று கிழமை எடுத்தது, முதல் கிழமை அழுகை வந்தது. இப்போது ஊசியைப் பார்க்காமலே வாசிப்பேன். கண்ணை மூடிக்கொண்டு ஐந்து வரிசை பின்னிப் பழகுங்கள். பர்ல் என்கிற மறுபக்கக் கண்ணியின் கீழே ஒரு சின்ன முண்டு பெருவிரலுக்குத் தட்டுப்படும், நிட்டில் அது தட்டாது. பிழை விட்டதை விரலே சொல்லும்.

கொலைக் கதை வேண்டாம் என்று ஒரு பிள்ளை எழுதியிருந்தா. இங்கே ஈஸ்டர் விடுமுறைக்கு மலை வீட்டுக்குப் போகிற சனம் துப்பறியும் நாவலும் பின்னலும் இரண்டையும் சேர்த்துத்தான் கட்டிக்கொண்டு போவார்கள். 1923-இல் பெர்கன் ரயில் இரவில் கொள்ளையடிக்கப்பட்டது என்று பத்திரிகையின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் வந்ததாம். சனம் பதறிப்போனது. பார்த்தால் அது புதிதாக வந்த நாவலின் விளம்பரம். அதிலிருந்து தொடங்கிய வழக்கம் இது. இப்போது ஈஸ்டர் நேரம் பால் பெட்டியில்கூடக் கொலைக் கதை அச்சடித்து வரும். காலையில் தேத்தண்ணி போடும்போதே பிணம்!

அதைவிட எனக்குப் பிடித்தது ஐஸ்லாந்துக்காரரின் பழைய வழக்கம், க்வோல்ட்வாக்கா. மாரிகால இரவில் புல்மண் வீட்டுக்குள், ஒரே அறையில், அவரவர் கட்டிலில் இருந்துகொண்டு வீட்டுச் சனம் முழுக்கக் கம்பளி சிக்கெடுக்கும், நூல் நூற்கும், பின்னும். ஆண்களும் பிள்ளைகளும்கூடத்தான். ஒருவர் மட்டும் விளக்குக்குக் கிட்ட இருந்து பழைய வீரகதைகளைச் சத்தமாக வாசிப்பார். ஒரு விளக்கு, ஒரு புத்தகம், அத்தனை கை.

குன்னூர்_கம்பளி
திங்கள், இரவு 9:48

ஒஸ்லோ அக்கா, நான் வலது கைக்காரிதான். இன்று இடது விரலில் நூலைப் பிடித்துப் பார்த்தேன். அரை மணி நேரத்தில் 40 கண்ணி. மாமியார் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

புத்தகத்தைத் திறந்து வைப்பதுதான் இன்னொரு தொல்லை. விட்டால் மூடிக்கொள்கிறது. சர்க்கரை டப்பாவை மேலே வைத்தேன், பக்கத்தைத் திருப்பும்போதெல்லாம் டப்பாவைத் தூக்க வேண்டியிருக்கிறது. யாராவது வழி சொல்லுங்கள்.

பழைய_பைண்டிங்
செவ்வாய், காலை 6:05

புத்தகம் மூடிக்கொள்வது உங்கள் குற்றமில்லை அம்மா, பைண்டிங்கின் குற்றம். இப்போது வருகிற பெரும்பாலான நாவல்கள் முதுகில் பசை தடவி ஒட்டியவை. விரித்து அழுத்தினால் முதுகு படீரென்று விடும், அப்புறம் தாள் தாளாக உதிரும். நூல் போட்டுத் தைத்த புத்தகம் எந்தப் பக்கத்தில் விரித்தாலும் அப்படியே கிடக்கும். என்னிடம் வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளை இதழ் இதழாகக் கிழித்துச் சேர்த்து, திருச்சியில் ஒரு பைண்டரிடம் தைத்து வாங்கிய தொகுதிகள் நாற்பதுக்கு மேல் இருக்கின்றன. கதையின் நடுவே பற்பொடி விளம்பரமும் சேர்த்துத்தான். அவை தலையணைபோல விரிந்து கிடக்கும்.

ஒட்டு பைண்டிங் புத்தகத்துக்கு ஒரு வழி உண்டு. பாராயணத்துக்கு வைப்பார்களே வியாசபீடம், பெருக்கல் குறி மாதிரி மடங்கும் மரப்பலகை, அதை வாங்குங்கள். பூஜை சாமான் கடையில் கிடைக்கும். இரண்டு பக்கமும் துணி காயப்போடும் கிளிப்பை மாட்டினால் தீர்ந்தது. நாவலை அதில் வைத்தால் சாமி குற்றமாகாது என்பது என் எண்ணம். வீட்டம்மா எண்ணம் வேறு.

சொல்ல வந்தது வேறு. என் மனைவிக்குப் பின்னல் ஐம்பது வருஷப் பழக்கம். கண்புரை அறுவைக்குப் பிறகு சில வாரம் படிக்க வேண்டாம் என்றார்கள். பின்னலை அவள் எப்போதுமே பார்த்ததில்லை, அது விரல் வேலை. அப்போது ஆரம்பித்தேன், மத்தியானம் மூன்று மணிக்கு நான் சத்தமாகப் படிப்பது, அவள் பின்னுவது. கண் சரியாகி ஆறு வருஷமாயிற்று. இன்னும் மூன்று மணிக்கு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "என்ன, இன்னிக்கு வாய் வலிக்குதா?" என்று கேட்கிறாள்.

ஐஸ்லாந்து வழக்கத்தைப் படித்தபோது கியூபா நினைவுக்கு வந்தது. ஹவானா சுருட்டு ஆலைகளில் 1865-லிருந்து வாசிப்பாளர் என்று ஒருவர் உண்டு. உயரமான மேடையில் உட்கார்ந்து செய்தித்தாளும் நாவலும் உரக்கப் படிப்பார், கீழே நூற்றுக்கணக்கானவர்கள் சுருட்டுச் சுற்றிக்கொண்டிருப்பார்கள். அவருக்குக் கூலி கொடுத்தது முதலாளி அல்ல, தொழிலாளிகளே தங்கள் கூலியிலிருந்து காசு போட்டுக் கொடுத்தார்கள். கைவேலைக்குக் காதுதான் பழைய கூட்டாளி. இந்தக் கண் சண்டையெல்லாம், நாம் வாயை மூடிக்கொண்டு தனியாகப் படிக்க ஆரம்பித்த பிறகு வந்தது.

நெல்லைச்_சொளகு
செவ்வாய், பிற்பகல் 2:30

ஐயா, கியூபா வரை போக வேண்டாம். 1969-இல் கண்ணூரில் தொழிலாளர்கள் சேர்ந்து ஆரம்பித்த தினேஷ் பீடி கூட்டுறவு சங்கத்தில் இதே பழக்கம் இருந்தது. ஒருவர் உட்கார்ந்து பத்திரிகை படிப்பார், மற்றவர்கள் பீடி சுற்றுவார்கள். படித்தவருக்கான பீடியை மற்றவர்கள் பங்கு போட்டுச் சுற்றிக் கொடுத்துவிடுவார்கள்.

எங்கள் அம்மா தென்காசிப் பக்கம் வீட்டில் பீடி சுற்றியவர். மடியில் சொளகு, அதில் இலையும் தூளும். கூலி ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கணக்கு, கை நிற்கக் கூடாது. எங்கள் வீட்டில் வாசிப்பாளர் இலங்கை வானொலிதான். நாடகம் போடும் நேரத்துக்குப் பக்கத்து வீட்டுப் பெண்களும் சொளகைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். வானொலியில் யாராவது அழுதால் இவர்களும் அழுவார்கள், விரல் மட்டும் அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும். நான் பள்ளிக்கூடம் போய்ப் படிக்கத் தெரிந்ததும், மின்சாரம் போன இரவுகளில் அரிக்கேன் வெளிச்சத்தில் வாரப் பத்திரிகையை நான்தான் வாசிப்பேன். ஒரு இரவுக்கு ஒரு கதை. அம்மாவுக்கு எழுத்துக் கூட்டத்தான் தெரியும். ஆனால் எந்தக் கதையில் யார் யாரைக் கட்டினார்கள் என்று இன்றைக்கும் சொல்வார்.

பீடியை விட்ட பிறகு வயர் கூடைக்கு மாறினார். நெல்லிக்காய், சிவன் கண் இரண்டும் கைவந்த கலை. நான் குரோஷாவுக்கு வந்தது அந்த வழியில்தான். அதனால் இதை நான் பொழுதுபோக்கு என்று சொல்லும்போது கொஞ்சம் கூச்சமாக இருக்கும். அம்மாவுக்கு அது பொழுதுபோக்கு இல்லை. கதை மட்டும்தான் பொழுதுபோக்கு.

ஒருவேளை_ஒருவேலை
செவ்வாய், மாலை 4:12

இதைப் படித்தபின் என் கட்சியைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்கிறேன். ஒருவர் படிக்க இன்னொருவர் பின்னினால் அவரவருக்கு ஒரு வேலைதானே.

ரயில்_வாசகி
செவ்வாய், மாலை 6:55

நன்றாகத் தப்பித்தீர்கள் :)

குன்னூர்_கம்பளி
மூன்று வாரம் கழித்து, சனி, இரவு 10:05

கேட்டுவிட்டுக் காணாமல் போனதற்கு மன்னியுங்கள். ஸ்வெட்டர் உடம்பு முடிந்துவிட்டது. நடந்ததைச் சொல்கிறேன்.

வியாசபீடம் வாங்கினேன். இரண்டு நாள் நன்றாக ஓடியது. மூன்றாம் நாள் அதில் மாமியார் தன் புத்தகத்தை வைத்துவிட்டார், அதற்குத்தானே அது. கேட்க வாய் வரவில்லை. இடது கைப் பின்னலையும் கைவிட்டேன். ஒஸ்லோ அக்கா கோபிக்காதீர்கள், அடுத்த ஸ்வெட்டரில் பார்க்கலாம்.

பையன் ஏழாவது படிக்கிறான், ஆங்கில வழி. தமிழில் மதிப்பெண் வருகிறது, வாசிப்பு வரவில்லை. பெரியவரின் மூன்று மணிக் கதையைப் படித்த அன்று இரவு அவனைக் கூப்பிட்டு, "நான் ஒரு சுற்று முடிக்கிற வரைக்கும் இதைப் படிடா" என்று நூலகத்து நாவலைக் கையில் கொடுத்தேன். ஏழு நிமிடம்தான் என்று ஒப்புக்கொண்டான். முதல் நாள் ஒரு பக்கம்கூடத் தாண்டவில்லை. எழுத்தெழுத்தாகக் கூட்டுகிறான். எனக்கோ அதுதான் வசதி! காதில் ஓடும் ஒலிநூல் எனக்காக நிற்காது, இவன் நிற்கிறான். ஒரு பெரிய சொல்லில் முட்டிக்கொண்டு நிற்கும்போது நான் கண்ணிகளுக்கு நடுவே அடையாளத்துக்கு மாட்டிய மார்க்கரை நகர்த்திவிட்டு எண்ணிக்கையைச் சரி பார்த்துவிடுவேன். "அம்மா, இது என்ன வார்த்தை?" என்பான். சொல்வேன். போவான்.

இரண்டாம் வாரத்தில் ஏழு நிமிடம் இருபதாகிவிட்டது, நான் கேட்கவில்லை. அத்தியாயத்தை நடுவில் விட மாட்டேன் என்கிறான். ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவிலும் கண்ணிகளுக்குள் ஒரு வெள்ளை நூலை ஓட்டி வைத்தேன். பின்னால் தப்பு வந்தால் அதுவரை அவிழ்த்தால் போதும் என்பதற்காக. இப்போது ஸ்வெட்டரை வெளிச்சத்தில் பிடித்தால் நாவலின் அத்தியாயங்கள் வெள்ளைக் கோடுகளாகத் தெரிகின்றன. உருவ மனசு வரவில்லை, ஆனால் உருவத்தான் வேண்டும்.

மாமியார் தொலைக்காட்சித் தொடரை எட்டரைக்கே முடித்துக்கொள்கிறார். கேட்கவில்லை என்பதுபோல வெங்காயம் உரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். முந்தாநாள் பையன் உடம்பு சரியில்லாமல் சீக்கிரம் தூங்கிவிட்டான். ஒன்பதரைக்கு மெல்ல வந்து, "அந்தப் பொண்ணு கடுதாசியைப் பிரிச்சாளா இல்லையா, நீயாவது பார்த்துச் சொல்லு" என்றார்.

பிரச்சினை இப்போது வேறு. ஸ்வெட்டரின் இடது கையைப் பின்னும்போது, கதையில் கதாநாயகன் பல வருஷம் கழித்து ஊருக்குத் திரும்பி, தான் படித்த பள்ளியின் வாசலில் நின்று கண் கலங்குகிறான். உருக்கமான இடம். பையன் ளகரத்தை லகரமாக்கிவிட்டான். "அந்தப் பல்லியை அவனால் மறக்கவே முடியவில்லை. அதன் வாசலில் நின்று அழுதான்." மாமியார் வெங்காயத்தைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்து, எங்கே இருந்தேன் என்பதே மறந்துபோய், கண்ணி குறைக்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன். இடது கை நான்கு வரிசை நீளம். வலது கை சரியாக இருக்கிறது. அவிழ்ப்பதா, விடுவதா?

எண்ணிக்கை_தப்பியவள்
சனி, இரவு 10:09

அவிழ்த்தால் உங்களோடு பேச மாட்டேன்.

ஒஸ்லோவில்_ஒருத்தி
சனி, இரவு 10:40

பத்து செ.மீ.க்கு 28 வரிசை என்றால் நான்கு வரிசை ஒன்றரை சென்டிமீட்டர்கூட வராது. நனைத்து உலர விரிக்கும்போது வலது கையைக் கொஞ்சம் இழுத்து விடுங்கள், சரியாகிவிடும். கம்பளி என்றால் இழுபடும். அக்ரிலிக் என்றால் அவ்வளவாக இழுபடாது.

குன்னூர்_கம்பளி
சனி, இரவு 10:44

அக்ரிலிக்தான் அக்கா.

பழைய_பைண்டிங்
ஞாயிறு, காலை 5:50

கணவரை இடது கையில் கடிகாரம் கட்டச் சொல்லுங்கள். அப்புறம், அந்தப் பெண் கடிதத்தைப் பிரித்தாளா இல்லையா? மூன்று மணி வரை பொறுக்காமல் இப்போதே இதை வீட்டில் படித்துக் காட்டினேன். அவள் கேட்கச் சொன்னாள்.